டைம்அவுட் கொடுத்தும் ப்ராசஸ் ஏன் சாகவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வேர்ட் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் பைத்தான் சர்வீஸ் ஒன்று வைத்திருக்கிறீர்கள். அது சப்ப்ராசஸ் மாட்யூலின் ரன் ஃபங்ஷன் வழியாக லிப்ரே ஆஃபிஸை ஹெட்லெஸ்ஸாக, அதாவது திரை இல்லாமல், கூப்பிடுகிறது. ஷெல் ட்ரூ (கட்டளையை ஷெல் வழியாக ஓட்டு என்பது), ஸ்டிடிஅவுட்டுக்கு (வெளியீட்டுக்கு) ஒரு பைப், கட்டளையின் வாலில் லாக் எழுத ஒரு டீ (வருவதை ஃபைலிலும் எழுதி வெளியேயும் அனுப்பும் tee கட்டளை), டைம்அவுட் 60 விநாடி. புது சர்வரில் (உபுண்டு 22.04, பைத்தான் 3.10) 60 விநாடியில் டைம்அவுட்எக்ஸ்பயர்ட் என்ற எக்ஸப்ஷன் ஒழுங்காக வந்துவிடுகிறது. ஆனால் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்துப் பார்த்தால் லிப்ரே ஆஃபிஸின் எஸ்ஆஃபிஸ்.பின் சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு நாளில் மெமரி நிரம்பிவிடுகிறது. பழைய சர்வரில் (உபுண்டு 18.04, பைத்தான் 3.6) அதே கோட் 60 விநாடி தாண்டியும் திரும்பி வருவதே இல்லை. டைம்அவுட் என்று ஒன்று இருந்தும் ஏன் நிற்கவில்லை, பைத்தானில் பக் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருப்பது போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: டைம்அவுட் முடிந்ததும் பைத்தான் யாரைக் கொல்கிறது? பழைய சர்வரில் இருப்பது உண்மையாகவே ஒரு பக், அது சரிசெய்யப்பட்டுவிட்டது. புது சர்வரில் நடப்பது பக் இல்லை, பைத்தான் சொன்னபடிதான் நடந்துகொள்கிறது. நாம்தான் அது சொல்லாததையும் எதிர்பார்த்துவிட்டோம். பத்து வருஷத்துக்கு மேலாக லினக்ஸ் சர்வர்களில் இந்த மாதிரி பேக்ரவுண்ட் வேலைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குழியில் நானும் விழுந்து எழுந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விண்டோஸில் என் அனுபவம் குறைவு. அங்கே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் லிப்ரே ஆஃபிஸை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ரன் ஃபங்ஷனுக்கு ஷெல் ட்ரூ போட்டு, ஸ்டிடிஅவுட்டைப் பைப் ஆக்கி, 'ஸ்லீப் 100 | கேட்' என்ற கட்டளையை டைம்அவுட் 2 என்று கொடுத்து ஓட்டுங்கள். அந்த இரண்டு விநாடிக்குள் இன்னொரு டெர்மினலில் பிஎஸ் அடித்து பிஐடி (ப்ராசஸின் எண்), பிபிஐடி (தாயின் எண்), பிஜிஐடி (ப்ராசஸ் குரூப்பின் எண்) மூன்று பத்திகளையும் பாருங்கள். பைத்தானின் பிஐடி 4210 என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே ஷெல் 4215. ஷெல்லுக்குக் கீழே ஸ்லீப் 4216, கேட் 4217. பைத்தானுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரே பிள்ளை 4215 மட்டும்தான். ஸ்லீப்பும் கேட்டும் பேரப்பிள்ளைகள். அவர்கள் பெயர்கூடப் பைத்தானுக்குத் தெரியாது. இரண்டு விநாடி முடிந்ததும் ரன் உள்ளே கில் மெத்தடைக் கூப்பிடுகிறது. அது சிக்கில் என்ற 9ஆம் சிக்னலை 4215க்கு அனுப்புகிறது, வேறு யாருக்கும் இல்லை. ஷெல் அந்த இடத்திலேயே போய்விடுகிறது. மறுபடி பிஎஸ் அடியுங்கள்: ஸ்லீப்பும் கேட்டும் அப்படியே இருக்கும், பிபிஐடி பத்தியில் 4215 இருந்த இடத்தில் 1 இருக்கும். அனாதையானதும் கெர்னல் அவர்களை ஒன்றாம் நம்பர் ப்ராசஸுக்குத் தத்துக் கொடுத்துவிட்டது. டெஸ்க்டாப்பில் பார்த்தால் 1க்குப் பதில் உங்கள் யூசரின் சிஸ்டம்டி (சர்வீஸ்களை நடத்தும் ப்ரோக்ராம்) பிஐடி இருக்கலாம், விஷயம் அதேதான்.

கட்டட வேலையில் மேஸ்திரியை மட்டும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டால், அவர் கூட்டி வந்த சித்தாள்கள் பின்கட்டில் கலவை குழைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். நின்றுவிடுங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே. யூனிக்ஸில் தாய் ப்ராசஸ் செத்தால் பிள்ளையும் சாகும் என்று ஒரு விதி கிடையாது. இருப்பதாகப் பலர் நினைப்பதற்குக் காரணம் டெர்மினல். அங்கே கன்ட்ரோல்-சி அடித்தால் எல்லாம் ஒன்றாகப் போகிறது. அது தாய் செத்ததால் நடப்பதில்லை. டெர்மினல் அந்தச் சிக்னலை முன்னணியில் இருக்கும் ப்ராசஸ் குரூப் முழுவதற்கும் அனுப்புகிறது, அவ்வளவுதான். 'குரூப்' என்ற இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், தீர்வு அதில்தான் இருக்கிறது.

இப்போது பழைய சர்வர். அங்கே ஏன் திரும்பி வரவே இல்லை? ஒரு பைப்பைப் படிப்பவருக்கு 'முடிந்தது' என்ற செய்தி எப்போது கிடைக்கும் என்பதில்தான் விடை. எழுதும் முனையைப் பிடித்திருக்கும் எல்லோரும் அதை விட்டால்தான் கிடைக்கும். பிள்ளை ப்ராசஸ் தொடங்கும்போது தாயின் திறந்த கோப்புகள் அதற்கும் வந்துசேர்கின்றன. ஆகவே பைத்தான் ஷெல்லுக்குக் கொடுத்த பைப் முனை, ஷெல் வழியாக டீயின் கையிலும் இருக்கிறது. பைத்தான் 3.6இல் ரன் ஃபங்ஷன் டைம்அவுட் ஆனதும் ஷெல்லைக் கொன்றது. பிறகு மிச்சமிருக்கும் அவுட்புட்டைச் சேகரிக்கலாம் என்று கம்யூனிகேட்டை மறுபடி கூப்பிட்டது, இந்த முறை டைம்அவுட் இல்லாமல். ஷெல் செத்தாலும் டீ உயிரோடு இருக்கிறது. எஸ்ஆஃபிஸ்.பின் எழுதி முடிக்கும் என்று டீ காத்திருக்கிறது. டீ பைப்பை விடும் என்று பைத்தான் காத்திருக்கிறது. ஸ்லீப் உதாரணத்தை 3.6இல் ஓட்டினால் இது பளிச்சென்று தெரியும்: டைம்அவுட் 2 என்று கேட்டிருப்பீர்கள், எக்ஸப்ஷன் 100 விநாடி கழித்து வரும்.

இந்தப் பக்கை 2019 அக்டோபரில் வந்த 3.7.5, 3.8 இரண்டிலும் திருத்திவிட்டார்கள். அதிலிருந்து லினக்ஸிலும் மேக்கிலும் ரன் ஃபங்ஷன் கொன்ற பிறகு வெயிட், அதாவது பிள்ளை முடியும் வரை காத்திருப்பது, மட்டும்தான் செய்கிறது, பைப் மூடட்டும் என்று நிற்பதில்லை. அதனால்தான் 3.10இல் உங்களுக்கு எக்ஸப்ஷன் நேரத்துக்கு வருகிறது. ஆனால் பேரப்பிள்ளைகளைக் கொல்லும் பொறுப்பை அந்தத் திருத்தம் எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸில் இன்னும் அந்தப் பழைய வழிதான்: கொன்ற பிறகு கம்யூனிகேட்டை மறுபடி கூப்பிடுகிறது. ஆகவே அங்கே பேரப்பிள்ளை பைப்பைப் பிடித்திருந்தால் இன்றைக்கும் தொங்கும்.

'எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறதே' என்று யாராவது வந்து சொல்வார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. ஷெல் ட்ரூ என்று போட்டாலும், உள்ளே ஒரே ஒரு எளிய கட்டளை இருந்தால் பாஷ் போன்ற ஷெல்கள் தனியாகப் பிள்ளை பெறாமல் தாங்களே அந்தக் கட்டளையாக மாறிவிடுகின்றன. அப்போது பைத்தானுக்குத் தெரிந்த பிஐடியும் வேலை செய்யும் பிஐடியும் ஒன்றே. கில் நேராக அதன் தலையில் விழும். அதே கட்டளைக்குப் பின்னால் ஒரு பைப்போ, ஒரு அரைப்புள்ளி போட்டு இன்னொரு கட்டளையோ சேர்த்தால் நிலைமை மாறிவிடலாம். உபுண்டுவில் ஷெல் என்பது டாஷ், ரெட்ஹாட் வகையறாவில் பாஷ். உங்கள் லேப்டாப்பில் செத்த ப்ராசஸ் சர்வரில் சாகாமல் இருப்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸப்ஷன் வந்ததும் பைத்தான் தன் பக்கத்துப் பைப்பை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு ஏதாவது எழுத முயலும் அனாதைக்கு சிக்பைப் என்ற சிக்னல் வந்து அது தானாகச் சாகும். வாயாடி ப்ரோக்ராம்கள் இப்படிச் செத்துவிடும், வாய் திறக்காதவை பிழைத்துக்கொள்ளும். எஸ்ஆஃபிஸ்.பின் ஒரு கோப்பில் சிக்கி நிற்கும்போது ஒரு வரிகூட எழுதுவதில்லை.

தீர்வுக்கு வருவோம். வேலையைத் தொடங்கும்போதே பிள்ளையைத் தனி வீடு வைத்துவிட வேண்டும். பிஓப்பனுக்கு (ரன் உள்ளே பயன்படுத்தும், ப்ராசஸைத் தொடங்கும் க்ளாஸ்) ஸ்டார்ட் நியூ செஷன் என்ற ஆர்கியுமென்ட்டை ட்ரூ என்று கொடுங்கள். பிள்ளை தொடங்கும் கணத்தில் செட்எஸ்ஐடி கூப்பிடப்பட்டு, அது புது செஷனுக்கும் புது ப்ராசஸ் குரூப்புக்கும் தலைவன் ஆகிவிடும். அந்தக் குரூப்பின் எண் அதன் பிஐடியேதான். அதற்குப் பிறகு பிறப்பவர்கள் எல்லோரும், தாங்களாக விலகிப் போனால் ஒழிய, அந்தக் குரூப்பில்தான் இருப்பார்கள். பிறகு ஓஎஸ் மாட்யூலில் உள்ள கில்பிஜிக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் குடும்பம் முழுவதற்கும் சிக்னல் போகும்.

நான் எழுதும் வரிசை இது. பிஓப்பனில் கட்டளையை லிஸ்டாகக் கொடுப்பேன், ஷெல் வேண்டாம். ஸ்டிடிஇன்னுக்கு (உள்ளீட்டுக்கு) டெவ்நல், அதாவது வெற்று. ஸ்டிடிஅவுட்டுக்கும் ஸ்டிடிஎர்ருக்கும் (பிழைச் செய்திகளுக்கும்) பைப் இல்லை, ஒரு டெம்ப் ஃபைல். யார் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் பைத்தான் தொங்காது. உங்கள் டீயும் தேவையில்லை, லாக்கை அந்த ஃபைலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பிறகு வெயிட்டுக்கு டைம்அவுட் 60. டைம்அவுட்எக்ஸ்பயர்ட் வந்தால் கில்பிஜி வழியாகக் குரூப்புக்கு முதலில் சிக்டெர்ம், அதாவது 15. ஐந்து விநாடி பொறுத்துப் பார்ப்பேன். அதற்குள் தலைவன் போய்விட்டாலும் சரி, போகாவிட்டாலும் சரி, குரூப்புக்கு இரண்டாவதாகச் சிக்கில் அனுப்புவேன். தலைவன் செத்துப் பேரன் பிழைத்திருக்கும் நிலை இங்கேயும் வரலாம். இந்த இரண்டாம் முறையில் குரூப்பில் யாருமே மிச்சமில்லை என்றால் ப்ராசஸ்லுக்அப்எரர் வரும். அதைப் பிடித்துச் சும்மா விட்டுவிடலாம். கடைசியில் ஒரு வெயிட், இல்லாவிட்டால் ஜாம்பி (செத்தும் பட்டியலில் நிற்கும் ப்ராசஸ்) தங்கும்.

இங்கே நான் அடிபட்ட கதை ஒன்று. இணையத்தில் பார்த்த கில்பிஜி வரியை மட்டும் எடுத்து ஒட்டினேன், பிஐடியிலிருந்து கெட்பிஜிஐடி எடுத்து அந்தக் குரூப்பைக் கொல் என்று. ஸ்டார்ட் நியூ செஷன் போட மறந்துவிட்டேன். மேலே ஸ்லீப் உதாரணத்தில் பிஜிஐடி பத்தியைப் பார்த்தீர்களானால் நான்குமே 4210 என்று இருக்கும், பைத்தானும் சேர்த்து. ராத்திரி ஒரு மணிக்கு முதல் டைம்அவுட் வந்தது. சர்வீஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டது. லாக்கில் ஒரு வரி இல்லை, ட்ரேஸ்பேக் இல்லை, ஏனென்றால் சிக்கில் வாங்கியவன் எதையும் எழுதிவிட்டுப் போக முடியாது. மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றதோ என்று இரண்டு நாள் தேடினேன். அன்றிலிருந்து கெட்பிஜிஐடி பக்கமே போவதில்லை. நேராக பிஐடியையே கில்பிஜிக்குக் கொடுக்கிறேன். செஷன் போட மறந்திருந்தால் அந்த எண்ணில் குரூப்பே இருக்காது, எரர் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய பதில்களில் ப்ரீஎக்ஸெக் எஃப்என் என்ற ஆர்கியுமென்ட்டுக்கு ஓஎஸ் செட்எஸ்ஐடியைக் கொடுக்கச் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் த்ரெட்கள் இருக்கும் ப்ரோக்ராமில் அது டெட்லாக் ஆகலாம் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. ஸ்டார்ட் நியூ செஷன் 3.2 முதலே இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? 3.11இல் ப்ராசஸ் குரூப் என்று தனி ஆர்கியுமென்ட்டும் வந்தது. அதில் 0 கொடுத்தால் செஷன் மாறாமல் குரூப் மட்டும் புதிதாகும். எதை எடுத்தாலும் ஒரு விலை உண்டு. பிள்ளை இப்போது வேறு குரூப்பில் இருப்பதால் டெர்மினலில் நீங்கள் அடிக்கும் கன்ட்ரோல்-சி அதற்குப் போகாது. பைத்தான் நிற்கும், பிள்ளை ஓடும். ஆகவே கொல்லும் வேலையை டைம்அவுட்எக்ஸ்பயர்டுக்கு மட்டும் எழுதாமல், எந்த எக்ஸப்ஷனில் வெளியே போனாலும் நடக்கும்படி எழுதுங்கள்.

சிக்டெர்ம் முதலில் ஏன், நேரே 9 போட்டுவிட்டால் என்ன? வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கை நினைத்துப் பாருங்கள். 15 வாங்கினால் எழுதிக்கொண்டிருந்த எம்பி4 கோப்பை ஒழுங்காக முடித்துவிட்டு நிற்கும். 9 வாங்கினால் கோப்பின் குறியீட்டுப் பகுதி எழுதப்படாமல் எந்த ப்ளேயரிலும் ஓடாத சடலம் ஒன்று டிஸ்கில் கிடக்கும். லிப்ரே ஆஃபிஸில் வேறு ஒரு தலைவலி. எஸ்ஆஃபிஸ் என்பது ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட்தான், உண்மையான வேலை எஸ்ஆஃபிஸ்.பின்னில் நடக்கிறது. ஆகவே ஷெல் ட்ரூவை எடுத்துவிட்டாலும்கூடப் பைத்தானுக்குத் தெரிந்த பிஐடி ஸ்க்ரிப்டினுடையது. குரூப் இல்லாமல் இங்கே தப்பிக்க வழியில்லை. அதோடு, அனாதையான எஸ்ஆஃபிஸ்.பின் யூசர் ப்ரொஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த கன்வெர்ஷன் அதே ப்ரொஃபைலில் தொடங்கினால், தானே வேலை செய்யாமல் ஏற்கெனவே ஓடும் ப்ராசஸிடம் வேலையைத் தள்ளிவிடப் பார்க்கும். அதுவோ சிக்கி நிற்கிறது. ஒரு கெட்ட கோப்புக்குப் பின்னால் வரும் நல்ல கோப்புகளும் வரிசையாக டைம்அவுட் ஆவதாக நீங்கள் எழுதியிருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கன்வெர்ஷனுக்கும் யூசர்இன்ஸ்டலேஷன் ஆப்ஷனில் தனித்தனி டெம்ப் ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

டைம்அவுட் என்ற பெயரில் பைத்தானில் உலவும் மற்றவையும் பெரும்பாலும் இதே குணம்தான். ரன்னை விட்டு பிஓப்பனை நேரடியாக எடுத்தால், கம்யூனிகேட்டுக்கோ வெயிட்டுக்கோ கொடுக்கும் டைம்அவுட் யாரையும் கொல்லாது. 'நான் இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன்' என்பது மட்டுமே அதன் பொருள், கொல்வது உங்கள் வேலை. அதை வித் பிளாக்குக்குள் எழுதினால் இன்னும் மோசம்: எக்ஸப்ஷன் பிளாக்கை விட்டு வெளியேறும்போது பிஓப்பன் டைம்அவுட் இல்லாத ஒரு வெயிட்டைச் செய்யும். எக்ஸப்ஷன் பிறந்துவிட்டது, ஆனால் பிள்ளை முடியும் வரை உங்கள் கைக்கு வராது. அசிங்க்ஐஓவில் வெயிட்ஃபாருக்குள் கம்யூனிகேட்டை வைத்தால் ரத்தாவது காத்திருப்புதான், ப்ராசஸ் இல்லை. த்ரெட்பூலில் ரிசல்ட்டுக்குக் கொடுக்கும் டைம்அவுட்டும் அப்படித்தான், த்ரெட் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: கட்டளை மெதுவாக இல்லை, நாமே அதைக் கட்டிப்போட்டிருப்போம். பைப் வைத்துவிட்டு யாரும் படிக்காமல் வெறும் வெயிட் செய்தால், லினக்ஸில் வழக்கமாக 64 கேபி நிரம்பியதும் பிள்ளை எழுத முடியாமல் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் பெரிய அவுட்புட் வரும்போது மட்டும் டைம்அவுட் ஆகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சில கட்டளைகள் ஸ்டிடிஇன்னில் பதில் கேட்டு நிற்பதும் வெளியே பார்த்தால் இதே மாதிரிதான் தெரியும். ஸ்டிடிஇன்னுக்கு டெவ்நல் கொடுக்கச் சொன்னது பாதி அதற்காகத்தான். இன்னொன்று: சர்வீஸ் ஸ்டார்ட் செய்யும் ஸ்க்ரிப்ட் ஒரு விநாடியில் முடிந்துவிடும், ஆனால் அது பின்னால் விட்டுவிட்டுப் போன டீமன் (பின்னணியில் ஓடும் ப்ராசஸ்) பைப்பைப் பிடித்திருக்கும். கம்யூனிகேட் காத்திருப்பது பைப் மூடுவதற்காக. ஆகவே வெற்றிகரமாக முடிந்த கட்டளைக்கு 60 விநாடி கழித்து டைம்அவுட் எரர் வரும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குரூப்பைக் கொல்லும் வழி எங்கெல்லாம் கைவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேரப்பிள்ளை தானே செட்எஸ்ஐடி செய்து டீமன் ஆகிவிட்டால் அது உங்கள் குரூப்பில் இல்லை. சூடோ வழியாக ரூட்டாக ஓடும் ப்ராசஸுக்குச் சாதாரண யூசர் சிக்னல் அனுப்ப முடியாது, பர்மிஷன் எரர்தான் வரும். எஸ்எஸ்ஹெச்சைக் கொன்றால் இந்தப் பக்கத்துக் கனெக்ஷன் போகும்; டெர்மினல் இல்லாமல் அந்த மெஷினில் தொடங்கிய கட்டளை அங்கே ஓடிக்கொண்டே இருக்கலாம். அங்கேயே ஒரு டைம்அவுட் வைப்பதுதான் வழி. டாக்கர் ரன்னும் இதே கதை: கன்டெய்னர் உங்கள் பிள்ளையே இல்லை, டாக்கர் டீமனின் பக்கத்து ஆள். சிக்கில் போட்டால் சாவது கட்டளை அடித்த க்ளையன்ட் மட்டும். கன்டெய்னருக்குப் பெயர் வைத்துத் தொடங்கி, டைம்அவுட் ஆனால் டாக்கர் கில் கொடுங்கள்.

பிஎஸ்ஸில் ஸ்டேட் பத்தியில் டி (ஆங்கில D) என்று இருந்தால் அது வேறு வியாதி. கெர்னலுக்குள் டிஸ்குக்கோ நெட்வொர்க் ட்ரைவுக்கோ காத்து நிற்கிறது; அந்த ஐஓ திரும்பும் வரை 9கூட வேலை செய்யாது. ரன் ஃபங்ஷன் கொன்ற பிறகு செய்யும் வெயிட்டும் அதோடு சேர்ந்து தொங்கும். பைத்தானில் எதை மாற்றினாலும் இது தீராது, மவுண்ட்டைப் பாருங்கள். இசட் என்று இருந்தால் அது ஏற்கெனவே செத்தது, தாய் வெயிட் செய்யாததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. மெமரியைத் தின்பது அதுவல்ல. கன்டெய்னருக்குள் உங்கள் பைத்தானே பிஐடி 1 என்றால் அனாதைகள் எல்லாம் அதன் தலையில் வந்து விழுந்து ஜாம்பிகளாகச் சேரும். டாக்கரின் இனிட் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினால் அது தீரும்.

செட்எஸ்ஐடி செய்து தப்பிப்பவர்களையும் விடாமல் பிடிக்க வேண்டுமென்றால் சிக்ரூப்தான், அதாவது ப்ராசஸ்களைக் கூட்டாகக் கட்டிவைக்கும் கெர்னல் வசதி. ப்ராசஸ் எத்தனை முறை செஷன் மாற்றினாலும் பிறந்த சிக்ரூப்பை விட்டுத் தானாக வெளியேற முடியாது, அதற்கு அனுமதி வேண்டும். லினக்ஸ் 5.14 முதல் சிக்ரூப் இரண்டாம் பதிப்பில் கில் என்றே ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 1 எழுதினால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் சிக்கில் போகும். இதைக் கையால் கட்ட வேண்டியதில்லை. சிஸ்டம்டி-ரன் கட்டளையில் ரன்டைம்மேக்ஸ்செக் 60 என்று கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். உங்கள் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் அனாதைகள் மறைந்துவிடுவதாக எழுதியிருந்தீர்களே, அதுவும் இதனால்தான்: அனாதை ஆனாலும் அவர்கள் உங்கள் சர்வீஸின் சிக்ரூப்பிலேயே இருக்கிறார்கள், சிஸ்டம்டி நிறுத்தும்போது சிக்ரூப் முழுவதையும் துடைக்கிறது. பிஎஸ்யூட்டில் என்ற பைத்தான் லைப்ரரி மூலம் பிள்ளைகளை மரமாகத் தேடிக் கொல்லும் வழியைப் பலர் சொல்வார்கள். பட்டியல் எடுப்பதற்கும் கொல்வதற்கும் நடுவில் புதுப் பிள்ளை பிறக்கலாம், தாயை முதலில் கொன்றுவிட்டால் பேரன் மரத்திலேயே இருக்க மாட்டான். விண்டோஸில் வேறு வழி இல்லாதபோது டாஸ்க்கில் கட்டளையின் டி (T), எஃப் (F) ஆப்ஷன்களும் அதே மாதிரி மரம் ஏறுவதுதான். அங்கே முறையான வழி ஜாப் ஆப்ஜெக்ட்.

இன்றைக்கு ராத்திரிக்குள் கோடை மாற்ற முடியாது என்றால் ஒரு ஒட்டுவேலை இருக்கிறது. லினக்ஸின் கோர்யூட்டில்ஸில் டைம்அவுட் என்றே ஒரு கட்டளை உண்டு. அது தனக்கென்று ஒரு ப்ராசஸ் குரூப் வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் குரூப் முழுவதற்கும் சிக்னல் அனுப்புகிறது. கே ஆப்ஷனில் 10, டைம்அவுட் 60 என்று கொடுத்தால் 60இல் சிக்டெர்ம், அதற்குப் பத்து விநாடி கழித்தும் நிற்காவிட்டால் சிக்கில். அதன் பின்னால் உங்கள் பழைய ஷெல் கட்டளையை எஸ்ஹெச் சி என்று மேற்கோளுக்குள் அப்படியே வைக்கலாம், டீயும் குரூப்புக்குள் வந்துவிடும். நேரம் தாண்டியதால் நின்றது என்றால் எக்ஸிட் கோட் 124. சிக்கில் வரை போயிருந்தால் 137. பைத்தானில் உள்ள டைம்அவுட்டை 90க்கு ஏற்றிவிடுங்கள், இரண்டும் முட்டிக்கொண்டால் பைத்தான் மறுபடி மேஸ்திரியை மட்டும் அனுப்பிவிடும்.

உங்கள் சர்வரைப் பார்க்காமல் என்னால் அறுதியிட முடியாதது ஒன்று: எஸ்ஆஃபிஸ்.பின் கடைசி வரை அதே குரூப்பில் இருக்கிறதா என்பது. டிஸ்ட்ரிபியூஷன் பேக்கேஜா, ஸ்னாப்பா என்பதைப் பொறுத்து நடுவில் எத்தனை கை மாறுகிறது என்பது வேறுபடும். ஸ்டார்ட் நியூ செஷன் போட்டு ஒரு கெட்ட கோப்பைக் கொடுத்துவிட்டு, முப்பதாவது விநாடியில் பிஎஸ் எடுங்கள்: பிஐடி, பிபிஐடி, பிஜிஐடி, எஸ்ஐடி (செஷனின் எண்), ஸ்டேட், கட்டளை. எஸ்ஆஃபிஸ் வகையறா எல்லாவற்றுக்கும் பிஜிஐடி ஒன்றே என்றால் கில்பிஜி போதும். ஒன்று வேறாக இருந்தால் சிஸ்டம்டி-ரன் பக்கம் போங்கள். பழைய சர்வரில் பைத்தான் தொங்கும்போது, ஓடும் பைத்தானை உள்ளே பார்க்கும் கருவியான பை-ஸ்பையின் டம்ப் எடுத்தால் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். கம்யூனிகேட்டில் நின்றால் மேலே சொன்ன பைப் சமாச்சாரம். அப்போது டீயின் பிஐடியை எடுத்து ப்ராக் ஃபோல்டரில் அதன் எஃப்டி (திறந்திருக்கும் கோப்புகளின் எண்) பட்டியலைப் பாருங்கள், பைத்தானிடம் இருக்கும் அதே பைப் எண் டீயின் ஒன்றாம் எஃப்டியில் இருக்கும். வெயிட்டில் நின்றால் ஸ்டேட் பத்தியில் டி இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ் முடிவை இங்கே போட்டால் மேற்கொண்டு பார்க்கலாம். கோப்புப் பெயர்களில் வாடிக்கையாளர் பெயர் இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள்.